ரத்த மூலத்துக்கு அருகம்புல்: எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு வேண்டாம்?

கேள்வி: எனக்கு வயது 48. நான்கு மாதமாக மலம் கழிக்கும்போது அவ்வப்போது ரத்தம் போகிறது. மூலம்தான் என்று நினைத்து யாரிடமும் காட்டவில்லை. சமீபத்தில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். மூன்று வாரமாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு குடிக்கிறேன். புல்லை அருகிலுள்ள மைதானத்தில் பறிக்கிறோம். முதல் வாரத்தில் ரத்தம் குறைந்தது. இப்போது வயிறு உப்புகிறது, நாளைக்கு மூன்று முறை இளகிப் போகிறது. கணுவை நீக்காமல் அரைப்பதால்தான் இப்படி என்கிறார் மாமியார். பிள்ளையாருக்குச் சாத்திய புல்லை எடுத்து அரைக்கலாமா? கடையில் கிடைக்கும் பொடி நல்லதா? என் 11 வயது மகனுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். மஞ்சளும் அருகம்புல்லும் அரைத்துப் பூசினால் எரிகிறது என்கிறான். தைலமாகக் காய்ச்சித் தரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சாற்றை நாளை காலையிலிருந்து நிறுத்துங்கள். அருகம்புல் உங்களுக்கு ஆகாது என்பதற்காக அல்ல. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை அடக்கும் மருந்தைச் சாப்பிடக் கூடாது என்பதற்காக.

மூல ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, மலம் கழித்து முடிக்கும்போது சொட்டும். வலி அதிகம் இருக்காது. ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் கத்தியால் கீறியதுபோல் வலித்து, கொஞ்சமாக ரத்தம் படியும். கருஞ்சிவப்பாகவோ, கட்டியாகவோ, மலத்தோடு கலந்தோ வந்தால் அது இன்னும் மேலே குடலிலிருந்து வருகிறது என்று பொருள். 45 வயதைத் தாண்டியவருக்கு நான்கு மாதம் ரத்தம் போய், ஹீமோகுளோபினும் 9.1க்கு இறங்கியிருந்தால், குடல் மருத்துவரிடம் காட்டி ஆசனவாய் உட்பரிசோதனையும், அவர் சொன்னால் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடையை மனதில் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்: எடை குறைந்ததா, மலம் கழிக்கும் பழக்கம் மாறியதா, மலம் கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா, மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா. கடைசிக் கேள்வி முக்கியம். உங்கள் வயதில் ரத்தசோகைக்கு அதுவே காரணமாக இருப்பது உண்டு.

முதல் வாரத்தில் ரத்தம் குறைந்ததே என்பீர்கள். மூல ரத்தத்தின் சுபாவமே விட்டுவிட்டு வருவதுதான். பத்து நாள் போகும், இருபது நாள் நிற்கும். எந்த மருந்தை எப்போது தொடங்கினாலும் அடுத்து வரும் நின்ற நாட்களின் பெருமை அந்த மருந்துக்கே போய்ச் சேரும். அருகம்புல்லுக்குக் குருதிப்பெருக்கை அடக்கும் செய்கை உண்டு என்று சித்த மருத்துவம் சொல்கிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடலில் ஒரு வளர்ச்சி இருந்தால் அதிலிருந்து வரும் ரத்தமும் இப்படித்தான் விட்டுவிட்டு வரும். இரண்டையும் வீட்டிலிருந்தபடி பிரித்தறிய வழியில்லை.

அருகம்புல் சாறு ரத்தம் ஊறச் செய்யும் என்ற பேச்சும் இங்கேயே தீரட்டும். இலையின் பச்சையமும் ரத்தத்தின் சிவப்புப் பொருளும் அமைப்பில் ஒத்தவை என்பது உண்மை. பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம், ரத்தத்தில் இரும்பு. இந்த ஒற்றுமையை வைத்துத்தான் ‘பச்சை ரத்தம்’ என்று விற்கிறார்கள். பச்சையத்தை எடுத்து ரத்தமாக மாற்றும் வேலை எதையும் நம் உடல் செய்வதில்லை. இரும்புக் குறைவால் வந்த ரத்தசோகை என்றால் இரும்புச் சத்து மாத்திரைதான் வேண்டும். அந்த மாத்திரையையும் பச்சிலைச் சாற்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை தொடங்கியதும் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மலம் தார்போல் கறுப்பாகப் போயிருந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் அப்படி இருக்கும்.

இன்னொன்று. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அதுவும் ரத்தசோகையில் கொண்டுவிடும். பரிசோதனைச் சீட்டில் ஃபெரிட்டினோடு (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) பி12ஐயும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இனி வயிற்று உப்புசம். ஒரு டம்ளர் என்றால் சுமார் 200 மி.லி. சாறு என்ற பேரில் இந்த அளவை யார் முதலில் சொல்லிவைத்தார்களோ, வெறும் வயிற்றில் அது மிக அதிகம். நான் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 15 முதல் 30 மி.லி. சாறு, அதை 100 மி.லி. ஆகும்வரை தண்ணீரிலோ மோரிலோ கலந்து. நீங்கள் குடித்தது அதைப்போல் பல மடங்கு. அருகம்புல் முரட்டு நார் மிகுந்தது. சரியாக வடிகட்டாத சாற்றில் அந்த நாரும் நுண்ணிய மணல் போன்ற சிலிக்காத் துகளும் சேர்ந்து உள்ளே போகும். அடுத்தது, மைதானத்துப் புல். அதில் நாய் சிறுநீர் கழிக்கும், எலி ஓடும், மாடு மேயும். பச்சையாக அரைத்துக் குடிக்கும்போது அங்கே இருக்கும் கிருமியும் புழு முட்டையும் அப்படியே வயிற்றுக்குள் வரும். மூன்றாவதாக, மெட்ஃபார்மினே உப்புசமும் இளகலும் தரக்கூடிய மாத்திரை. அண்மையில் அதன் அளவைக் கூட்டினார்களா என்று பாருங்கள். சாற்றை நிறுத்தி ஒரு வாரத்தில் வயிறு சரியானால் காரணம் சாறு. சரியாகாவிட்டாலோ, காய்ச்சலோ சளி கலந்த மலமோ இருந்தாலோ மலப் பரிசோதனை செய்யுங்கள்.

இந்த ஒரு வாரத்தில் கிளிமிபிரைடு விஷயத்தில் கவனமாக இருங்கள். வயிறு சரியில்லை என்று சாப்பாட்டைக் குறைத்து, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். எலிகளில் செய்த ஆய்வுகளில் அருகம்புல் சாரம் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மனிதர்களில் எவ்வளவு குறைக்கும் என்று அளவு சொல்லும் தரமான சான்று இல்லை. அதனால் அதை நம்பி மாத்திரையை விடவும் கூடாது, மாத்திரையோடு சேர்த்து அளவில்லாமல் குடிக்கவும் கூடாது. கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

மாமியார் சொன்னது சரி. கணு நீக்கிய அருகம்புல் என்றுதான் மருந்து முறைகளில் எழுதியிருக்கும். புல் தரையில் படர்ந்து ஓடும்போது ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இலையுறை தண்டைப் பற்றியிருக்கும் அந்த இடுக்கில்தான் மண்ணும் முட்டையும் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை அலசினாலும் போகாமல் நிற்கும். கணு கடினமானதும்கூட, அரைபடாமல் சக்கையாகத் தங்கும். ஆனால் உங்கள் உப்புசத்துக்குக் கணு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அளவும் இடமும்தான் முதல் காரணம்.

பிள்ளையாருக்குச் சாத்திய புல் வேண்டாம். அது எங்கே பறித்தது என்று தெரியாது, பல கை மாறியது, வெயிலில் வாடியது, விபூதியும் சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டது. பிரசாதமாகத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள், அரைத்துக் குடிக்காதீர்கள்.

எங்கே பறிப்பது என்பதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அருகம்புல் எதையும் தாங்கி வளரும். சாக்கடை ஓரத்திலும், சாலைப் புழுதியிலும், கழிவு கொட்டிய மண்ணிலும் செழித்து நிற்கும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் உள்ள மண்ணிலும் சாகாது. அவற்றை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளவும் செய்யும். பச்சைப்பசேல் என்று இருப்பதால் சுத்தமான புல் என்று எண்ண வேண்டாம். விளையாட்டுத் திடல், பூங்காப் புல்வெளி ஆகியவை இன்னொரு விதத்தில் ஆபத்து. அங்கே பல இடங்களில் வளர்ப்பது அருகம்புல்லின் கலப்பின வகைகள். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிப்பார்கள். வயல் வரப்பில் பறிப்பதானால் கடைசியாக எப்போது என்ன தெளித்தார்கள் என்று வயல்காரரைக் கேட்டுவிட்டுப் பறிக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் பறிக்காதீர்கள். கால்நடைகளின் ஈரல் தட்டைப்புழுவின் இளநிலை அத்தகைய ஈரப் புற்களில் ஒட்டியிருக்கும்.

புல்லையே மாற்றிப் பறிப்பவர்களும் உண்டு. அருகம்புல் நீலம் கலந்த பச்சை நிறம். இலை மெலிந்து குட்டையாக இருக்கும். இலையும் உறையும் சேரும் இடத்தில் வெள்ளை மயிர் வரிசை தெரியும். தரைமேல் ஓடும் தண்டும், மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டும் இரண்டும் இருக்கும். பூத்தால் ஒரே புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு மெல்லிய கதிர்கள் விரல்போல் விரியும். இதே விரல் அமைப்பு வேறு புற்களிலும் உண்டு. கதிர் தடித்து, நுனியில் முள்போல் கூர்மையாக நீண்டிருந்தால் அது காக்கைக்கால் புல். கேழ்வரகுக் கதிரின் சாயலில், அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக, பிடுங்கினால் குத்தாக வருவது வேறு வகை. கதிர் ஊதா நிறமாய்ப் பஞ்சுபோல் மயிரோடு இருந்தால் மயில்கொண்டைப் புல். தண்டு முக்கோணமாக, கணுவே இல்லாமல் இருந்தால் அது கோரை. பூக்காத நிலையில் சந்தேகமென்றால் தரையில் ஓடும் கொடியைத் தேடுங்கள். கொடி இல்லாமல் ஒரே இடத்தில் கொத்தாக நின்றால் விட்டுவிடுங்கள்.

ஆனால் மருந்துக்குப் பறிக்கும்போது பூத்த புல்லைத் தவிர்க்க வேண்டும். அருகம்புல்லின் மகரந்தம் மூக்கொழுகலுக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயர்போனது. கதிரைத் தாக்கும் ஒருவகை எர்காட் பூஞ்சை உண்டு. அது பிடித்த, முற்றிய புல்லை மேய்ந்த மாடுகளுக்கு நடுக்கம் கண்டு கால் தடுமாறும். இளம் புல்லில் இந்தக் கவலை இல்லை.

இவ்வளவு நிபந்தனைக்கும் எளிய வழி, தொட்டியில் வளர்ப்பதுதான். 15 செ.மீ. ஆழமுள்ள அகலத் தட்டில் நல்ல மண்ணும் நன்கு மக்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போடாதீர்கள். புழு முட்டை மறுபடி அதில்தான் வரும். இரண்டு மூன்று கணுவுள்ள கொடித் துண்டுகளை விரலிடை தள்ளிப் படுக்கவைத்து, ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு மூடினால் போதும். நாள் முழுவதும் வெயில் வேண்டும். நிழலில் மெலிந்து வெளுத்துவிடும். 30 முதல் 40 நாளில் முதல் அறுவடை. தரையிலிருந்து மூன்று செ.மீ. விட்டு மேலேயுள்ளதைக் கத்தரியுங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி வளரும். தோட்டத்து மண்ணில் மட்டும் நட்டுவிடாதீர்கள். அப்புறம் அதைக் களைந்து மாளாது.

உங்கள் பரிசோதனைகள் முடிந்து, மூலம்தான் என்று உறுதியாகி, குடல் மருத்துவரும் சரி என்றால் சாற்றை மறுபடி தொடங்கலாம். அப்போது பச்சைச் சாற்றைவிடக் குடிநீரையே, அதாவது கஷாயத்தையே, நான் பரிந்துரைப்பேன். கொதிப்பதால் கிருமி பயம் குறைகிறது. கணுவும் வேரும் பழுத்த இலையும் நீக்கிய புல் 30 கிராம். தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி என்று சொன்னால் ஆளாளுக்கு அளவு மாறும். ஓடும் தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மண் கழன்று வரும். கிருமி செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். பொடியாக நறுக்கி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு 5, சீரகம் அரைத் தேக்கரண்டி சேர்த்து, 480 மி.லி. தண்ணீரில் சிறு தீயில் கொதிக்கவையுங்கள். நான்கில் ஒரு பங்காக, அதாவது 120 மி.லி. ஆகச் சுண்டியதும் இறக்கி வடிகட்டி, காலையில் 60, மாலையில் 60 மி.லி., உணவுக்கு அரை மணி நேரம் முன்பு. மறுநாளுக்கு வைக்காதீர்கள். பத்து நாள் குடித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். மிளகு சேர்ப்பது சுவைக்கு மட்டும் அல்ல. அருகம்புல் இனிப்புச் சுவையும் சீதத் தன்மையும் உடையது. அழல் (பித்தம்) மிகுந்தவருக்கு ஒத்துப்போகும், ஐயம் (கபம்) மிகுந்தவருக்குச் சளி கட்டும். மிளகு அதைச் சமன் செய்யும். மூல எரிச்சல் கடுமையாக இருக்கும் நாட்களில் மட்டும் மிளகை இரண்டாகக் குறையுங்கள்.

பச்சைச் சாறுதான் வேண்டும் என்றால், தொட்டிப் புல்லாக இருக்கட்டும். 30 கிராம் புல்லை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கிய பிறகே மிக்ஸியில் போடுங்கள். நீளமாகப் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும். புல்லும் வெந்து வைக்கோல் வாடை வரும். 100 மி.லி. தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரைத்து, இரண்டு மடிப்பு மெல்லிய துணியில் பிழியுங்கள். உலோக வடிகட்டி போதாது. அதன் கண்ணில் தப்பும் நார்தான் தொண்டையில் முள்போல் உறுத்தும். இப்படி 30 கிராம் புல்லை அரைத்து வடித்த நீர்த்த சாறு முழுவதும் ஒரு வேளை அளவு. இதற்குமேல் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்தால் பச்சை மங்கிப் பழுப்பேறும். புளிப்பு பட்டுப் பச்சையம் நிறம் மாறுவதால் வருவது அது, கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. ஆனால் எலுமிச்சை சேர்க்காமலேயே நிறம் மாறி, நுரை தங்கி, புளித்த வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

மூலத்துக்கு இந்தக் குடிநீரைவிட முக்கியமான காரியம் மலத்தை இளக்கமாக வைத்துக்கொள்வது. நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், நார் உள்ள காய்கறி, கழிப்பறையில் ஐந்து நிமிடத்துக்குமேல் உட்காராமை, முக்காமல் போவது. காலையும் மாலையும் பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் உட்காரலாம். இவற்றைச் செய்யாமல் புல்லை மட்டும் குடித்தால் மூலம் அப்படியேதான் இருக்கும்.

நீர்க்கடுப்புக்கும் இதே குடிநீரைக் கொடுப்பது வழக்கம், வெயில் காலத்தில் தண்ணீர் குறைத்துக் குடித்து வந்த கடுப்பென்றால். ஐந்து நாள் போதும். காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடக்கூடாது. சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று சீக்கிரம் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். வெள்ளைப்படுதலுக்கு அருகம்புல்லையும் கீழாநெல்லியையும் அரைத்துத் தயிரில் கலந்து கொடுப்பது பழைய முறை. அரிப்போ நாற்றமோ இருந்தால் அது தொற்று, இதற்கு அடங்காது. மூக்கில் ரத்தம் வடிந்தால் சாற்றைப் பிழிந்து விடும் பழக்கமும் உண்டு. அதைச் செய்யவே வேண்டாம். சுத்திகரிக்காத சாற்றை மூக்கில் விடுவதைவிட, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தாலே நிற்கும்.

உள்ளுக்குச் சாப்பிடக் கூடாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகச் செயலிழப்பாலோ இதய பலவீனத்தாலோ தண்ணீரை அளந்து குடிப்பவர்கள், புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமை மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்தப் பச்சிலைச் சாற்றையும் திடீரெனத் தொடங்கக் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குலைக்கும்.

பொடி வாங்கலாமா என்றால், அவசரத் தேவைக்கு வாங்கலாம். எந்தப் புல்லை அரைத்தார்கள் என்று பொடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதே அதன் குறை. பளீரென்ற பச்சையாக இருந்தால் சாயம் சேர்ந்திருக்கலாம். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவிப் பாருங்கள்; நிறம் உடனே பரவாமல் மெல்ல இறங்க வேண்டும். கொழகொழவென்று மாவுபோல் பிசுபிசுத்தால் மாவு கலந்திருக்கலாம். நீங்களே செய்தால் நறுக்கிய புல்லை நிழலில் மூன்று நான்கு நாள் பரப்பி, நொறுங்கும் பதம் வந்ததும் இடித்துச் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் மூன்று மாதம் வைக்கலாம். அளவு 2 முதல் 3 கிராம், ஒரு டம்ளர் வெந்நீரில். வெறும் பொடியை வாயில் போட்டு விழுங்காதீர்கள். நார் தொண்டையில் ஒட்டும்.

இப்போது மகன். அவனுக்கு எரிகிறது என்றால் பூசுவதை நிறுத்துங்கள், ‘எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கரப்பானில் தோலின் மேல்படலம் ஏற்கெனவே வெடித்திருக்கும். அரைத்த புல்லின் சொரசொரப்பு அதை இன்னும் கீறும், மஞ்சள் காயவைக்கும். வறட்சியான, வெடிக்காத அரிப்புக்கும் வேர்க்குருவுக்கும் அந்தப் பூச்சு பொருந்தும்: புல் 20 கிராமுக்கு மஞ்சள்தூள் 2 கிராம், மையாக அரைத்து, காய்ந்து இறுகுவதற்குள், இருபது நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். நீர் வடியும் கரப்பானுக்குப் பச்சையாக எதையும் பூசக் கூடாது.

அதற்கு முன், அது கரப்பான்தானா என்று யாராவது பார்த்துச் சொன்னார்களா? இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் இடுப்பிலும் சிறு பருக்கள் இருந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்கு. உண்ணிபோன்ற நுண்பூச்சி தோலுக்குள் குடைவதால் வருவது. புல் அரிப்பைத் தணிக்கும், பூச்சியைக் கொல்லாது. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டியிருக்கும். வட்டமாக, ஓரம் தடித்து நடுவில் வெளுத்தால் படர்தாமரை. அதற்குப் பூஞ்சைக் களிம்பு வேண்டும்.

கரப்பான்தான் என்றால் தைலம் நல்ல யோசனை. தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவதே இதற்கு வழக்கம். எண்ணெய் 200 மி.லி. என்று வையுங்கள். ஒரு கிலோ புல்லைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து 800 மி.லி. சாறு எடுத்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அடியில் படியும் பச்சை மண்டிதான் பிறகு பாத்திரத்தில் பிடித்துக் கருகும். கற்கத்துக்கு (எண்ணெயில் சேர்த்துக் காய்ச்சும் மருந்து விழுது) அதிமதுரப் பொடி 20 கிராமும் அரைத்த புல் விழுது 30 கிராமும். மூன்றையும் நான்கு மடங்கு கொள்ளளவுள்ள அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் சேர்த்துச் சிறு தீயில் வையுங்கள். நுரைத்துப் பொங்கும், அதனால்தான் பெரிய பாத்திரம். இரும்புச் சட்டி வேண்டாம், தைலம் கறுக்கும். அடிக்கடி துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், கடைசி அரை மணி நேரம் கையை எடுக்காமல்.

பதம் பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கற்கம் முதலில் சேறுபோல் இருக்கும், அடுத்து மெழுகுபோல் விரலிடையில் திரியாக உருளும். அந்தத் திரியைத் தீயில் காட்டினால் சடசடவென்று வெடிக்காமல் எரிந்தால் ஈரம் போய்விட்டது. உடனே இறக்குங்கள். மணல்போல் உதிரும்வரை விட்டால் கற்கம் தீய்ந்து, தைலம் பழுப்பாகி, தோலை உறுத்தும். ஈரம் தங்க இறக்கினால் இரண்டு வாரத்தில் புளித்த வாடை வந்து பூஞ்சை பிடிக்கும். இளஞ்சூட்டில் துணியில் வடித்து, நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள். ஆறு மாதம் வைத்துப் பயன்படுத்தலாம். ஈர விரலை உள்ளே விடாதீர்கள்.

முதலில் அவனது முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி 24 மணி நேரம் பாருங்கள். சிவக்காவிட்டால், குளித்து மேனி லேசாக ஈரமாக இருக்கும்போதே முழங்கை மடிப்பில் மெல்லிசாகத் தடவுங்கள், நாளுக்கு இரண்டு வேளை. இரண்டு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். மருத்துவர் ஏற்கெனவே களிம்பு கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விடுங்கள். மடிப்பில் மஞ்சள் பொருக்கு கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சல் அடித்தாலோ தைலத்தை வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

உங்கள் குடல் பரிசோதனை முடிவும் ஃபெரிட்டின், பி12 அளவுகளும் வந்தபின் எழுதுங்கள். மூலம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் குறித்திருப்பார்கள். குடிநீரைத் தொடங்கலாமா, வேறு மருந்து வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.